ஃப்ரேம்வொர்க் 13 வாங்கலாமா? விலை கட்டுப்படியாகுமா?

ஈசார்_கரை: முனிச்சில் இருக்கிறேன். இப்போதுள்ள லேப்டாப்பில் 8 ஜிபி ரேம் போர்டிலேயே சால்டர் செய்தது, கூட்டிப் போட வழியில்லை. பேட்டரியும் உப்பிவிட்டது, கடையில் கேட்டால் புதுசே வாங்கிவிடுங்கள் என்கிறார்கள். ஸ்கிரீனும் கீபோர்டும் நன்றாக இருக்கும்போது தூக்கிப்போட மனசு வரவில்லை. பாகங்களை நாமே கழற்றி மாற்றக்கூடிய ஃப்ரேம்வொர்க் 13 லேப்டாப் பார்த்தேன், அதே பிராசஸர் உள்ள மற்றவற்றைவிட விலை கூடுதல். வைத்திருப்பவர்கள் சொல்லுங்களேன்.

கருவாப்பட்டை: முதலில் அந்த பேட்டரியைச் சார்ஜில் போடாதீர்கள், வெர்ட்ஸ்டாஃப்ஹோஃபில் (நகராட்சியின் மறுசுழற்சி மையம்) கொடுத்துவிடுங்கள். என்னிடம் இருப்பது 2021-ல் வந்த முதல் மாடல், இன்டெல் 11-வது தலைமுறை. அப்புறம் ஏஎம்டி ரைசன் 7040 பிராசஸர் உள்ள மதர்போர்டு வாங்கி அதே உடம்பில் நானே மாற்றினேன். கூடவே வரும் ஒரே ஸ்க்ரூடிரைவர் போதும், ஒவ்வொரு பாகத்திலும் க்யூஆர் கோடு இருக்கிறது, ஸ்கேன் செய்தால் கழற்றும் முறை வந்துவிடும். ஆனால் போர்டு விலையோடு கணக்கை நிறுத்தாதீர்கள்: பழையதில் இருந்தது டிடிஆர்4 வகை ரேம், ஏஎம்டி போர்டுக்கு டிடிஆர்5 வேண்டும், ரேமும் புதுசாக வாங்க வேண்டியதாயிற்று. ஃபைல்கள் இருக்கும் எஸ்எஸ்டி மட்டும் அப்படியே ஏறியது. பழைய போர்டு வீணாகவில்லை, தனியாகவே கம்ப்யூட்டராக ஓடும், வீட்டில் பேக்கப்புக்கு வைத்திருக்கிறேன். ஏழெட்டு வருஷம் வைத்திருப்பேன் என்றால் வாங்குங்கள். மூன்று வருஷத்தில் மாற்றுகிற ஆள் என்றால் வேண்டாம்.

ரிச்சி_தெரு_ரசிகன்: அவ்வளவு செலவே வேண்டாம் நண்பரே, செகண்ட் ஹேண்ட் திங்க்பேட் டி480 தேடுங்கள். 2018 மாடல்தான், ஆனால் ரேமுக்கு இரண்டு ஸ்லாட், பின்பக்க பேட்டரியை மிஷின் ஓடும்போதே கழற்றி மாற்றலாம், 8-வது தலைமுறை இன்டெல் உள்ளதாக எடுத்தால் விண்டோஸ் 11-ம் ஏறும். டி480எஸ் என்று தள்ளிவிடுவார்கள், அதில் ஒரே ஸ்லாட்தான், பார்த்து வாங்குங்கள். வீடியோ எடிட்டிங் என்றால் மட்டும் இது தாங்காது.

ஓம்_விதி: சால்டர் ரேம் எல்லாமே ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சால்டர் செய்கிற எல்பிடிடிஆர் வகை ரேம் மின்சாரம் குறைவாக இழுக்கும், வேகமும் கிடைக்கும். ஃப்ரேம்வொர்க்கே 2025-ல் விட்ட டெஸ்க்டாப்பில் ரேமைச் சால்டர்தான் செய்தது. எனக்குப் பொறுக்காதது பேட்டரியை ஒட்டிவைப்பதுதான், அதற்கு எந்தச் சாக்கும் கிடையாது. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் உதிரிபாகம் கொடுத்தே ஆக வேண்டும் என்று விதி வந்திருக்கிறது, ஆனால் அது போனுக்கும் டேப்லெட்டுக்கும்தான், லேப்டாப்புக்கு இல்லை.

ஈசார்_கரை: நன்றி எல்லோருக்கும். எனக்குக் கோடிங் வேலைதான், நிறைய வருஷம் வைத்திருக்கிற ஆளும்கூட. ரேமும் எஸ்எஸ்டியும் இல்லாமல் வருகிற டிஐஒய் எடிஷனை எடுத்து, பழைய லேப்டாப்பின் எஸ்எஸ்டியை அதில் போடலாம் என்று இருக்கிறேன். அது எம்.2 2280 அளவுதான், பொருந்தும் இல்லையா?

கருவாப்பட்டை: என்விஎம்இ (எஸ்எஸ்டி போர்டோடு பேசும் முறை) வகை என்றால் தாராளமாகப் பொருந்தும். கழற்றுவதற்கு முன் பேக்கப் எடுத்துவிடுங்கள்.