கப்பி ஆண் குஞ்சுக்கு நெருஞ்சில் பொடி: சரியா, பிழையா?

ஹட்டன் தொட்டிக்காரன்:
தோட்டத்து லயத்துக்குப் பின்னால் 8 தொட்டியில் கப்பி என்ற சிறு அலங்கார மீன் வளர்க்கிறேன். கடையில் கேட்பது வால் விரிந்த ஆணைத்தான், நிறமில்லாத பெண்ணை யாரும் எடுப்பதில்லை. ஆண் குஞ்சு கூடட்டும் என்று நாட்டு மருந்துக் கடையில் நெருஞ்சில் வாங்கி அரைத்து, சினை மீனின் தீனியில் கலந்தேன். அந்த ஈற்றில் பிழைத்த 31 குஞ்சில் 22 ஆண். ஹோர்மோன் வேண்டாம், மூலிகையே போதும் என்பது என் கட்சி.

பண்டாரவளை அக்கா:
தம்பி, ஒரு ஈற்றை வைத்து முடிவு கட்டாதீங்க. ஆண் பெண் பாதிக்குப் பாதி என்பது பல ஈற்றுகளைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான். செத்த குஞ்சு எத்தனை? அவை பெண்ணாக இருந்தால் கணக்கே வேறு. பொடி போடாத தொட்டி ஒன்று பக்கத்தில் வைத்தீங்களா? ஹட்டன் குளிருக்கு ஹீட்டரும் போட்டிருப்பீங்க. தண்ணீர் சூடு மாறினாலே பல மீன்களில் ஆண் பெண் அளவு மாறும்.

ஹட்டன் தொட்டிக்காரன்:
செத்தது 9. பொடியில்லாத தொட்டி வைக்கவில்லை, அது என் பிழைதான். ஹீட்டரையும் அந்த மாதம்தான் 28 பாகைக்கு ஏற்றினேன். ஆனாலும் அக்கா, நெருஞ்சிலைக் கப்பியிலும் திலாப்பியா மீனிலும் சோதித்தவர்கள் ஆண் கூடியதாக எழுதியிருக்கிறார்கள். நான் இல்லாததைச் சொல்லவில்லை.

மஸ்கெலியா மீன்காரர்:
மூலிகையில் அளவு நிற்காது. ஒரு மூட்டை போல மறு மூட்டை இருக்காது. மெத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹோர்மோன் அப்படியில்லை. திலாப்பியாக் குஞ்சுக்குக் கிலோ தீனிக்கு 60 மில்லிகிராம், மூன்று நான்கு வாரம், கிட்டத்தட்ட எல்லாமே ஆண். பிழைப்புக்கு வளர்க்கிறவன் நிச்சயமானதைத்தான் பார்ப்பான்.

பண்டாரவளை அக்கா:
அந்தத் தொட்டித் தண்ணீரை எங்கே ஊற்றுவீங்க அண்ணே? நம்ம மலையில் மேல் வீட்டு வடிகான் தண்ணீர்தான் கீழே இருக்கிறவனின் மரக்கறிப் பாத்திக்குப் போகிறது. அந்த மருந்தை வெறுங்கையால் பிசைவதும் ஆகாது, முக்கியமாகப் பிள்ளைத்தாய்ச்சிகள்.

பதுளை வளர்ப்பாளர்:
என் அனுபவத்தையும் கேளுங்கள். வெளியில் வாங்கிய அழகான ஆண் கப்பி ஒன்றை, ஆணே படாத குட்டிப் பெண் மீன்களோடு தனியாக விட்டேன். (பழைய பெண் பழைய விந்தை மாதக்கணக்கில் வைத்திருக்கும், அதனால்தான்.) மூன்று ஈற்று, அத்தனையும் பெண். ஆண் பெண்ணைத் தீர்மானிக்கும் குரோமோசோம் கப்பியில் பெண்ணுக்கு எக்ஸ் எக்ஸ், ஆணுக்கு எக்ஸ் வை. உருவத்தை மட்டும் ஆணாக மாற்றிய பெண்ணிடம் வை கிடையாது, அதற்குப் பிறக்கிறது பெண்தான். ஒரு வருட உழைப்பு போய்விட்டது.

ஹட்டன் தொட்டிக்காரன்:
அது ஹோர்மோன் மீனாக இருக்கும் அண்ணே.

பதுளை வளர்ப்பாளர்:
இருக்கலாம். ஆனால் உங்கள் நெருஞ்சில் உண்மையிலேயே பெண்ணை ஆணாக்கினால் அதுவும் இதே மீன்தான் தம்பி. ஆக்கவில்லை என்றால் பொடிக்கு ஏன் காசு?

ஹட்டன் தொட்டிக்காரன்:
இதை நான் யோசிக்கவே இல்லை. சரி, இனி ஒரே வயது, ஒரே சூடு, இரண்டு தொட்டி, ஒன்றில் மட்டும் பொடி. கடை அண்ணனிடமும் பேசிவிட்டேன். பொடி தின்ற மீனைத் தனிப் பையில் கொடுப்பேன், குஞ்சு எடுக்க யாருக்கும் விற்க வேண்டாம் என்று.