கேனனெட் மீட்டரை நம்பலாமா, கூடாதா?

இருட்டறை: "ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் இருக்கும் வெளிச்ச மீட்டரை நம்புகிறவனுக்கு வெளிச்சம் பார்க்கத் தெரியாது" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் எரிச்சல். என் கேனனெட் கியூஎல்17 ஜி3-ம் ரேஞ்ச்ஃபைண்டர்தான், லென்ஸ் வழியாக இல்லாமல் தனி ஜன்னல் வழியாகப் பார்த்து ஃபோகஸ் பண்ணும் ஃபிலிம் கேமரா. பதினொரு வருடமாக அதன் மீட்டரை நம்பித்தான் எடுக்கிறேன். மீட்டர் கண் லென்ஸ் வளையத்துக்குள்ளேயே இருக்கிறது. மஞ்சள் ஃபில்டர் போட்டால் அதையும் சேர்த்தே கணக்குப் பண்ணும்.

வெயில்16: எழுதியது நான்தான். என்ன பேட்டரி போட்டிருக்கிறீர்கள்?

இருட்டறை: கடையில் கிடைக்கும் 1.5 வோல்ட் பட்டன் செல்.

வெயில்16: அவ்வளவுதான், முடிந்தது. அது 1.35 வோல்ட் மெர்குரி செல்லுக்குச் செய்த கேமரா. வோல்ட் கூடினால் வெளிச்சம் அதிகம் என்று முள் ஏறும், அப்பர்ச்சர் (லென்ஸின் துளை) சுருங்கும், படம் இருளும்.

இருட்டறை: படம் இருண்டால் நெகட்டிவ் வெளிறும். அப்படியானால் என் நெகட்டிவ் வெளிறிப்போயிருக்க வேண்டுமே? நேற்றுகூட லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்தேன். தூண் நிழலில் உட்கார்ந்திருந்த பாட்டியின் சேலைக்கரை இழை இழையாகத் தெரிகிறது.

வெயில்16: கறுப்பு வெள்ளை ஃபிலிம் ஒரு ஸ்டாப் பிழையை, அதாவது வெளிச்சம் பாதியாய்க் குறைந்தாலும், தாங்கும். ஸ்லைடு ஃபிலிம் அவ்வளவு தாங்காது, அதில் எடுத்துக் காட்டுங்கள். 1.5 வோல்ட், 1.35 வோல்ட் ஆகாது.

சின்னலென்ஸ்: காது மெஷினுக்குப் போடும் 675 ஜிங்க் ஏர் செல் போடலாமே அண்ணா? 1.4 வோல்ட்தான்.

இருட்டறை: ஸ்டிக்கரை உரித்த நாளிலிருந்தே அது காய ஆரம்பித்துவிடும் தம்பி. மாசாமாசம் யார் மாற்றுவது? நான் 400 ஃபிலிமுக்கு ஐஎஸ்ஓவை (ஃபிலிம் வேக எண்) 200-இல் வைக்கிறேன், மீட்டர் இரண்டு மடங்கு வெளிச்சம் விடும், தீர்ந்தது.

வெயில்16: அப்போ மீட்டர் தப்பு என்று நீங்களே சொல்கிறீர்கள்!

இருட்டறை: எங்கே சொன்னேன்? என் கேமராவை எனக்குத் தெரியும் என்றேன். போன வருடம் யாஷிகா எலக்ட்ரோ 35 கேமரா பற்றியும் இதே போலத்தான் குறுக்கே வந்தீர்கள். மறக்கவில்லை.

வெயில்16: 1.5 வோல்ட்டுக்குப் பதில் சொல்லுங்கள். பிழை எல்லா வெளிச்சத்திலும் ஒரே அளவாக இருக்காது. ஆட்டோவை விட்டு மேனுவலில் போட்டு அப்பர்ச்சரைக் கையால் வைத்தால் அந்த மீட்டர் வேலையே செய்யாது, அப்போது எதை நம்புவீர்கள்?

சிவப்புப்பொட்டு: லைக்கா எம்6 ரேஞ்ச்ஃபைண்டர் வாங்குங்கள். ஷட்டர் திரையிலுள்ள வெள்ளை வட்டத்தில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை அளக்கும். 1984-லேயே செய்துவிட்டார்கள்.

இருட்டறை: அந்த விலைக்கு நான் வாழ்நாள் முழுக்க ஃபிலிம் வாங்குவேன் சார். பணத்தைக் காட்ட வேறு இடம் பாருங்கள்.

சிவப்புப்பொட்டு: நான் மீட்டரைப் பற்றித்தான் சொன்னேன். பணத்தை இழுத்தது நீங்கள்.

இருட்டறை: வெயில்16, கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் ஸ்லைடு ரோல் ஒன்று போடுகிறேன். 36 படமும் ஆட்டோவில்.

வெயில்16: எந்த பேட்டரியில்?

இருட்டறை: அதே 1.5 வோல்ட்தான்.