புதுப்பிப்பு: ஜிம்மி பேஜின் விரலும் அந்த வதந்தியும்

2007இல் லண்டன் ஓ2 அரங்கில் அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் இசை நிறுவனத்தின் இணை நிறுவனர் அஹ்மத் எர்டெகன் நினைவாக லெட் செப்பலின் ராக் குழு வாசித்ததைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். குழுவின் கிதார்க் கலைஞர் பேஜின் விரல் முறிவு வெறும் சாக்கு, ஒத்திகை போதாததால்தான் நவம்பர் 26 நிகழ்ச்சி டிசம்பர் 10க்குத் தள்ளிப்போனது என்ற பேச்சை, ‘இருக்கலாம்’ என்று விட்டுவைத்திருந்தேன். அந்த வார்த்தையைத் திரும்பப் பெறுகிறேன்.

நேற்றிரவு, அந்த நிகழ்ச்சியின், 2012இல் வெளிவந்த ‘செலிப்ரேஷன் டே’ பதிவை முழுதாகப் பார்த்தேன். ஒத்திகை போதாத குழு, 1976ஆம் ஆண்டு ஆல்பத்தில் வந்து அதுவரை மேடையே ஏறாத ‘ஃபார் யுவர் லைஃப்’ பாடலைத் துணிந்து எடுக்குமா? வயலின் வில்லைக் கிதார்த் தந்திகளின்மேல் பேஜ் இழுக்கும் இடத்தை நான்கு முறை பார்த்தேன். வில் மெல்ல உரசுகிறது, பிறகு ஓங்கி அறைகிறது. கையில் துளித் தயக்கமில்லை.

சில பாடல்களின் சுருதியைக் குறைத்தார்கள் என்பது உண்மைதான். பல வருடம் கழித்துப் பாடும் ராபர்ட் பிளாண்டின் குரலுக்கு அது பொருந்தியது. அதைப் பேஜின் விரலோடு முடிச்சுப் போடுவது நியாயமே இல்லை.

டிரம்ஸில் இருந்தவர் குழுவின் மறைந்த டிரம்மர் ஜான் பான்ஹாமின் மகன் ஜேசன். பழைய பதிவில் அவர் பெயரை விட்டுவிட்டேன்; இப்போது சேர்த்திருக்கிறேன்.