100 பவுண்டு கட்டித் தன்னைத் தானே வாங்கிய ஜான்டி பார்க்கின்: செய்தது சரியா?

மூன்றாவது பாதி:
இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே ரக்பி லீக் (13 பேர் ஆடுவது, 15 பேர் ஆடும் ரக்பி யூனியன் அல்ல) ஆடிய இங்கிலாந்துக்காரர்களில் யார் பெரியவர் என்று கேட்டால் என் ஓட்டு ஜான்டி பார்க்கினுக்குத்தான். வேக்ஃபீல்டு பக்கத்தில் ஷார்ல்ஸ்டன் என்ற நிலக்கரிச் சுரங்க கிராமத்தில் பிறந்தவர். 1913 முதல் வேக்ஃபீல்டு டிரினிட்டி கிளப்பின் ஸ்கிரம் ஹாஃப் (முன்வரிசையிடமிருந்து பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துபவர்). 1920, 1924, 1928 என மூன்று முறை பிரிட்டன் அணியோடு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போய் ஆடினார். மூன்று பயணம் போன முதல் ஆள் இவர்தான், பின்னிரண்டிலும் கேப்டன்.

ஆனால் எனக்கு அவரைப் பிடித்ததற்குக் காரணம் 1930. கிளப் அவரை 100 பவுண்டு விலை போட்டு டிரான்ஸ்ஃபர் பட்டியலில் (வேறு கிளப்புக்கு விற்க இருப்பவர்கள் பட்டியல்) வைத்தது. மனுஷர் அந்தப் பணத்தைத் தானே கட்டினார். அப்புறம் தனக்காகத் தானே பேரம் பேசி ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸில் சேர்ந்தார். லீக் பதறிப்போய் விதியைத் திருத்தியது: இனி எந்த ஆட்டக்காரரும் தன்னைத் தானே வாங்க முடியாது. செய்தது சரிதான் என்கிறேன். யாராவது மறுக்கிறீர்களா?

கணக்குப்பிள்ளை:
நான் மறுக்கிறேன், இரண்டையும். முதலில் "பெரியவர்" கதை. டிரினிட்டியில் 17 வருடம் ஆடி, சாம்பியன்ஷிப் (லீக் பட்டம்) இல்லை, சேலஞ்ச் கப் (நாக்-அவுட் கோப்பை) இல்லை. 1924ல் பேட்லியை 9-8 என்று ஒரு புள்ளியில் தாண்டி வாங்கிய, உள்ளூர் மாவட்டக் கிளப்புகள் மோதும் யார்க்‌ஷயர் கப்தான் மிச்சம். அதே காலத்தில் விகன் கிளப்பில் ஜிம் சல்லிவன் என்ன செய்துகொண்டிருந்தார்? 1929ல் வெம்ப்ளியில் நடந்த முதல் சேலஞ்ச் கப் இறுதியில் கேப்டனாக நின்று டியூஸ்பரியை 13-2 என்று அடித்தார். வாழ்நாளில் 6,000 புள்ளிகளுக்கு மேல்.

அடுத்து அந்த 100 பவுண்டு. 1921லேயே ஹரால்டு பக் என்பவரை ஹன்ஸ்லெட்டிடமிருந்து லீட்ஸ் 1,000 பவுண்டு கொடுத்து வாங்கியது. அதற்கு ஒன்பது வருடம் கழித்து டிரினிட்டி பத்தில் ஒரு பங்கு கேட்டிருக்கிறது. அது பழைய ஆளுக்குக் காட்டிய மரியாதை. அதை இவர் தன் லாபத்துக்குத் திருப்பிக்கொண்டார்.

மூன்றாவது பாதி:
சல்லிவன் வேல்ஸ்காரர் என்பதை வசதியாக விட்டுவிட்டீர்கள், சார். நான் கேட்டது இங்கிலாந்துக்காரர்களை. அது போகட்டும். டிரினிட்டி 1909ல் சேலஞ்ச் கப் வாங்கியது, அடுத்தது 1946ல். முதல் சாம்பியன்ஷிப் 1967ல்! அந்த வறட்சிக்கு ஒரு ஸ்கிரம் ஹாஃபைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவீர்களா?

நல்ல ஆட்கள் சுற்றி இருந்தபோது என்ன நடந்தது என்று பாருங்கள். 1920 பயணத்தில் ஹரால்டு வாக்ஸ்டாஃப் தலைமையில் போய் ஆஷஸ் தொடரை (கிரிக்கெட்டில் மாதிரி ரக்பி லீக்கிலும் பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் மோதுவது) தோற்றார்கள். 1924ல் பார்க்கின் கேப்டன், 2-1 வெற்றி. 1928லும் 2-1. இரண்டும் ஆஸ்திரேலிய மண்ணில், வாரக்கணக்கில் கப்பலில் போய் இறங்கி. 1920க்குப் பிறகு ஆஸ்திரேலியாவுக்கு ஆஷஸ் மறுபடி கிடைத்தது 1950ல்தான்.

சைடு ஸ்டெப்:
விங்கில் (மைதானத்தின் ஓரத்தில்) ஓடியவர்களை யாருமே கணக்கில் எடுக்க மாட்டீர்களா? செயின்ட் ஹெலன்ஸின் ஆல்ஃப் எல்லபி என்று ஒருவர் இருந்தார், அவரும் இங்கிலாந்துக்காரர்தான், நானூறுக்கும் மேல் டிரை (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்து எடுக்கும் ஸ்கோர்). சரி சரி, தனி இழை திறக்கிறேன், திட்டாதீர்கள்.

வடக்கு யூனியன்:
கணக்குப்பிள்ளை அண்ணா, "மரியாதை" என்ற வார்த்தைதான் உறுத்துகிறது. இந்த ஆட்டம் ஏன் பிறந்தது? சனிக்கிழமை ஆடப் போனால் சுரங்கத்திலும் ஆலையிலும் கூலி போகிறது, அதை ஈடு செய்ய வேண்டும் என்று வடக்கு கிளப்புகள் கேட்டன, ரக்பி யூனியனை நடத்திய லண்டன் கனவான்கள் முடியாது என்றார்கள். 1895ல் ஹட்டர்ஸ்ஃபீல்டு ஜார்ஜ் ஹோட்டலில் உட்கார்ந்து தனியாகப் பிரிந்தார்கள். உழைப்புக்குக் காசு வேண்டும் என்று பிரிந்து வந்த அதே கிளப்புகள், 35 வருடம் கழித்து ஒரு ஆட்டக்காரர் தன் உழைப்பின் விலையைத் தானே பேசியதும் கதவைச் சாத்துகின்றன. விதியைத் திருத்திய சபையில் உட்கார்ந்திருந்தது யார்? கிளப் பிரதிநிதிகள். ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லை.

பில்லி பேட்டன் 1913ல் ஹன்ஸ்லெட்டிலிருந்து ஹல் போனபோது கைமாறியது 600 பவுண்டு. போனது கிளப் கல்லாவுக்கு. அப்போது யாருக்கும் விதி ஞாபகம் வரவில்லை.

கணக்குப்பிள்ளை:
பேட்டனுக்கும் ஹல்லில் நல்ல சம்பளம் கிடைத்தது, அதையும் சொல்லுங்கள் தம்பி. நான் முதலாளிக்கு வக்காலத்து வாங்கவில்லை. 1926ல் சுரங்க முதலாளிகள் செய்த கதவடைப்புக்குப் பிறகு சுரங்க ஊர்களில் டிக்கெட் வாங்கவே காசில்லை. சின்ன கிளப்புக்கு வருமானம் என்றால் வளர்த்த பையனை விற்பதுதான். அவனவன் சொந்தக் காசில் வெளியேறலாம் என்றால் என்ன ஆகும்? விகனும் லீட்ஸும் பின்கதவு வழியாகப் பணம் கொடுத்து "நீயே கட்டிவிட்டு வா" என்பார்கள். விலையைப் பற்றிப் பேச சின்ன கிளப்புக்கு வாயே இருக்காது.

வடக்கு யூனியன்:
விலையைப் போட்டதே சின்ன கிளப்தானே! 100 என்றார்கள், 100 வந்தது. டிரினிட்டிக்கு ஒரு பென்னிகூட நஷ்டமில்லை. போனது அடுத்த கிளப்பிடம் பேரம் பேசும் அதிகாரம் மட்டும். அந்த அதிகாரம் சரியல்ல என்று 1963ல் கால்பந்துக்காரர் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் வழக்கில் நீதிமன்றமே சொன்னது: ஒப்பந்தம் முடிந்தவனையும் பிடித்து வைத்துக்கொள்ளும் முறை, தொழில் செய்யும் உரிமைக்கு நியாயமில்லாத தடை.

கணக்குப்பிள்ளை:
1963 தீர்ப்பை வைத்து 1930ஐ அளக்காதீர்கள். முப்பத்தைந்து வயதான ஆள் என்பதால் 100 என்று குறித்தார்கள். இருபத்திரண்டு வயதுப் பையன் இதையே செய்தால் நீங்களும் விதியைத்தான் தேடுவீர்கள்.

மூன்றாவது பாதி:
இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு 1,000 என்று குறிப்பார்கள், அவனால் கட்டவே முடியாது. அப்படியானால் அந்த விதி யாரைத் தடுத்தது? பார்க்கின் மாதிரி, கிளப்புக்கு உழைத்து முடித்து விலை இறங்கிப்போன ஆட்களை மட்டும்தான். 1988ல் ரக்பி லீக்கின் ஹால் ஆஃப் ஃபேமுக்கு (மகத்தான ஆட்டக்காரர்களின் கௌரவப் பட்டியல்) முதல் ஒன்பது பேரைத் தேர்ந்தெடுத்தபோது சல்லிவனோடு பார்க்கினையும் சேர்த்தார்கள். கோப்பைக் கணக்கு பார்த்தா சேர்த்தார்கள்?

கணக்குப்பிள்ளை:
ஒன்பதில் ஒருவர், ஒப்புக்கொள்கிறேன். அந்த ஒன்பதில் முதலாமவர் சல்லிவன்தான். விதியும் சரிதான். நாளைக்குப் பார்ப்போம், ஆபீஸ் இருக்கிறது.