தங்கைக்கு லேப்டாப்: 300 கிராம் குறைய 16,000 ரூபாய் கூடுதலாகத் தரலாமா?

ஏரிக்கரை:

தங்கை சிவில் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். செங்கல்பட்டிலிருந்து கிண்டிக்கு தினமும் மின்சார ரயில், பாதி நாள் நின்றுகொண்டுதான். இப்போது ஆட்டோகேட், ரெவிட் (கட்டட வரைபட மென்பொருள்கள்). அடுத்த வருஷம் கட்டடத்தின் பலத்தைக் கணக்கிடும் ஈடேப்ஸோ ஸ்டாட் ப்ரோவோ வரும். பட்ஜெட் 55,000. அவசியம் என்றால் 70,000 வரை இழுக்கலாம். கடையில் எடுத்துக் காட்டியவை:

1) 15.6 இன்ச் சாதா மாடல், பிளாஸ்டிக் பாடி, 1.7 கிலோ, 52,000
2) 14 இன்ச், மெட்டல் மூடி, 1.4 கிலோ, 68,000
3) 15.6 இன்ச் கேமிங், தனி கிராபிக்ஸ் கார்டு, 2.3 கிலோ, 72,000

மூன்றிலும் 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி. "சிவிலுக்கு கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் ஆகாது" என்று கடைக்காரர் மூன்றாவதையே தள்ளுகிறார். எனக்குக் குழப்பம் முதல் இரண்டுக்கும் நடுவில்தான். வெறும் 300 கிராமுக்கு 16,000 ரூபாயா?

தராசுமுள்:

முதலில் மூன்றாவதைக் கழித்துவிடலாம். அட்டைப்பெட்டியில் போட்டிருப்பது லேப்டாப்பின் எடை மட்டும். கேமிங் மாடலோடு வரும் 180 முதல் 230 வாட் சார்ஜர் தனியாக 600–800 கிராம் இருக்கும், 'பவர் பிரிக்' என்ற பேருக்கேற்ற செங்கல். ஆக தோளில் ஏறுவது 3 கிலோ. 14 இன்ச்சோடு 65 வாட் சின்ன சார்ஜர், கேபிளோடு 200 கிராம் என்று வைத்தால் மொத்தம் 1.6. நடுவில் இருக்கும் 1.4 கிலோ என்பது அந்த 14 இன்ச் லேப்டாப்பையே இன்னொன்று பையில் போடுவது.

சார்ஜரை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாமே என்றால் அதுவும் நடக்காது. பேட்டரியின் கொள்ளளவான வாட்-ஹவரை லேப்டாப் இழுக்கும் வாட்டால் வகுத்தால் மணி நேரம் வரும். கேமிங் மாடல் சும்மா வரைந்துகொண்டிருந்தாலே 18–20 வாட் தின்னும். 57 வாட்-ஹவர் பேட்டரி ஏறக்குறைய மூன்று மணி நேரம்தான் தாங்கும். பிராசஸர் பெயர் 'யூ' என்று முடிகிற ரகம் அதே வேலைக்கு 8–10 வாட்டில் நிற்கும். 50 வாட்-ஹவர் இருந்தாலே ஐந்து மணி நேரமாவது தாங்கும்.

கிராபிக்ஸ் கார்டு பற்றி: ஆட்டோகேடில் பிளான், எலிவேஷன் வரைய உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் போதும். ரெவிட்டில் பெரும்பாலான வேலை பிராசஸரின் ஒற்றைக் கோர் வேகத்திலும் ராமிலும் நிற்கிறது. ஈடேப்ஸ், ஸ்டாட் கணக்குப் போடுவது பிராசஸர். லூமியான், என்ஸ்கேப் மாதிரி ரெண்டரிங் (மாடலை நிஜப் படம்போல் ஆக்குவது) செய்தால்தான் தனிக் கார்டு கட்டாயம். அது ஆர்க்கிடெக்சர் பிள்ளைகளின் தலைவலி.

இனி உங்கள் கேள்வி. 16,000 ரூபாயும் 300 கிராமுக்குப் போகிறதா என்று பாருங்கள். மெட்டல் மூடி, 16:10 (அகலம்:உயரம்) திரை, யூ.எஸ்.பி-சி சார்ஜிங், பெரிய பேட்டரி எல்லாம் சேர்ந்து வந்தால் விலை நியாயம். விலை குறைந்த சில 'ஸ்லிம்' மாடல்களில் எடை குறைந்ததே பேட்டரியை வெட்டியதால்தான். 20 வாட்-ஹவர் குறைத்தால் ஏறக்குறைய 100 கிராம் மிச்சம். அப்புறம் அந்த 100 கிராமை மிச்சம் பிடித்ததற்காக 200–300 கிராம் சார்ஜரைத் தினமும் தூக்குவீர்கள். இரண்டு மாடலிலும் வாட்-ஹவர் எவ்வளவு, சார்ஜிங் பின் எது, ராம் சோல்டர் செய்ததா (போர்டிலேயே பற்றவைத்தது, மாற்ற முடியாது), சொல்லுங்கள்.

திரை சிறிசாச்சே என்று பயம் வேண்டாம். 15.6 இன்ச் 16:9 திரையின் உயரம் 19.4 செ.மீ.; 14 இன்ச் 16:10 என்றால் 18.8. அகலத்தில்தான் 4 செ.மீ. சொச்சம் போகும். உண்மையில் இழப்பது நம்பர் பேட். ஆட்டோகேடில் அளவு அடித்துப் பழகிய கைக்கு அது உறுத்தும், தனி யூ.எஸ்.பி நம்பர் பேட் ஒன்று வாங்கி வீட்டு மேஜையில் போட்டுவிடுங்கள்.

கீல்_வைத்தியர்:

மேலே சொன்னதோடு ஒன்று. தினம் தூக்குகிற லேப்டாப் ரிப்பேருக்கு வருவது பெரும்பாலும் கீலில்தான், எடையைப் பார்க்கிற யாரும் அதைப் பார்ப்பதில்லை. பிளாஸ்டிக் பாடியில் கீல் திருகுகள் பிடித்திருப்பது பிளாஸ்டிக்குக்குள் பதித்த சின்னப் பித்தளை நட்டில். நாளுக்கு ஏழெட்டு முறை, அதுவும் ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்துத் திறந்தால் அந்தப் பக்கத்து நட்டு பிளாஸ்டிக்கோடு பெயர்ந்து வரும். மூடும்போது ஓரத்தில் 'டிக்' சத்தம், திரையின் சட்டம் லேசாக வாய் பிளப்பது, இரண்டும் ஆரம்ப அறிகுறி. அப்போதே நிறுத்தினால் எபாக்சி வைத்து ஒட்டலாம். விட்டால் திரைக் கேபிளும் அறுந்து, பேனலோடு செலவு வரும்.

கடையில் சோதிக்க: மூடியை நடுவில் ஒரே விரலால் தூக்கிப் பாருங்கள். கீழ்பாகம் மேஜையை விட்டு எழும்பினால் கீல் அளவுக்கு மீறி இறுக்கம். பிறகு மூடியின் இரண்டு மூலையையும் பிடித்து மெல்ல முறுக்குங்கள். அட்டை மாதிரி வளைந்தால், கூட்டம் நெரியும் ரயிலுக்கு அந்த மூடி ஆகாது.

பையில் சார்ஜரை லேப்டாப் இருக்கும் அறையிலேயே திணிப்பவர்கள்தான் திரையில் வெள்ளைப் புள்ளியோடு வருகிறார்கள். முதுகில் இன்னொருவர் சாயும்போது சார்ஜர் மூடியை அழுத்தும், திரைக்குப் பின்னால் இருக்கும் ஒளித்தாள் நசுங்கும். சார்ஜர் முன் பாக்கெட்டில், லேப்டாப் முதுகோடு ஒட்டிய அறையில், மூடி முதுகைப் பார்த்தபடி.

என் ஓட்டு முதல் மாடலுக்கு இல்லை. ஆனால் இரண்டாவதில் ராம் சோல்டர் செய்திருந்தால் பின்னால் 32 ஜிபி ஆக்க வழியே இல்லை, அதைத் தெரிந்து வாங்குங்கள். மெலிந்த மாடல்களில் இதுதான் இப்போது வழக்கம்.

பழைய_இரும்பு:

68,000 எதற்கு? கம்பெனிகள் லீஸ் முடிந்து தள்ளிவிடும் 14 இன்ச் பிசினஸ் லேப்டாப் சென்னை ரிச்சி தெருவில் நிறையக் கிடைக்கும். எடை 1.4–1.6 கிலோ, கீலும் கீபோர்டும் புது பட்ஜெட் மாடலைவிட உறுதி. பார்க்க வேண்டியவை:

இன்டெல் பிராசஸர் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே தொடாதீர்கள். விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது, ஏழாம் தலைமுறையில் சில விதிவிலக்கு தவிர விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. பயாஸுக்குள் (விண்டோஸ் ஏறும் முன் திறக்கும் அமைப்புத் திரை) போய்ப் பாருங்கள். பாஸ்வேர்ட் கேட்டால் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். விண்டோஸை புதிதாக ரீசெட் செய்து *இன்டர்நெட்டோடு இணைத்துத்தான்* செட்டப் முடிக்க வேண்டும். பழைய கம்பெனியின் பதிவில் இன்னும் இருந்தால் அந்தக் கம்பெனி லாகின் பக்கம் வந்து நிற்கும். நெட் இல்லாமல் காட்டினால் தெரியாது. கடைசியாக பேட்டரி ரிப்போர்ட் எடுத்து டிசைன் கெப்பாசிட்டியையும் ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டியையும் ஒப்பிடுங்கள். 80 சதவீதத்துக்குக் கீழே என்றால் புது பேட்டரி விலையையும் சேர்த்தே பேரம் பேசுங்கள்.

தராசுமுள்:

@பழைய_இரும்பு, வாட்ஸ்அப்புக்கும் வேர்டுக்கும் என்றால் சரி. எட்டாம் தலைமுறை யூ ரகத்தின் ஒற்றைக் கோர் வேகம் குறைவு. ரெவிட்டில் மாடல் பெரிதானால் திணறும். பழையது வாங்குவதென்றால் பதினோராம் அல்லது பன்னிரண்டாம் தலைமுறைக்குப் போகட்டும்.

ஏரிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

முதல் மாடல்: 42 வாட்-ஹவர், உருண்டைப் பின் சார்ஜர், ராமுக்கு ஒரு ஸ்லாட் உண்டு. மூடியைத் தூக்கினால் கீழ்பாகமும் சேர்ந்து எழும்புகிறது.
இரண்டாவது: 60 வாட்-ஹவர், யூ.எஸ்.பி-சி, 16:10 திரை, ராம் முழுக்க சோல்டர். மூடி வளையவில்லை.

இன்னொரு கடையில் ஸ்நாப்டிராகன் சிப் போட்ட 14 இன்ச் ஒன்று, 1.3 கிலோ, 65,000. "நாள் முழுக்க சார்ஜே வேண்டாம்" என்கிறார். அதை எடுக்கலாமா? இரண்டாவது மாடலுக்கு வீட்டில் இருக்கும் 67 வாட் போன் சார்ஜரே போதுமா?

தராசுமுள்:

ஸ்நாப்டிராகன் வேண்டவே வேண்டாம், உங்கள் தங்கையின் படிப்புக்கு. சார்ஜ் நிற்பது உண்மைதான். ஆனால் ரெவிட், ஈடேப்ஸ் எல்லாம் இன்டெல், ஏஎம்டி சிப்புக்கு எழுதியவை. ஸ்நாப்டிராகன் மாதிரி ஆர்ம் சிப்பில் மொழிபெயர்ப்பு அடுக்கு வழியாக ஓடினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை; ஓடினாலும் மென்பொருள் நிறுவனம் பொறுப்பேற்காது. செமஸ்டர் நடுவில் அந்தச் சோதனை எதற்கு? மேக்கும் இதே காரணத்தால்தான் கழிகிறது: ஆட்டோகேடுக்கு மேக் பதிப்பு உண்டு, ரெவிட்டுக்கு இல்லை.

நீங்கள் சொன்ன கணக்கில் 16,000-க்கு 300 கிராமோடு 18 வாட்-ஹவரும் நல்ல மூடியும் வருகிறது. முதல் மாடலுக்கு சார்ஜரைத் தூக்கியே ஆக வேண்டும், அது 1.7 இல்லை, 2 கிலோ. இரண்டாவதை வெறும் 1.4 கிலோவாகவே கொண்டுபோய்த் திரும்பலாம். எடுங்கள்.

கீல்_வைத்தியர்:

போன் சார்ஜர்: மேலே 67 வாட் என்று அச்சடித்திருக்கும், அது அந்தக் கம்பெனி போனுக்குத் தனி முறையில் கொடுப்பது. லேப்டாப்புக்குத் தேவை பி.டி. (பவர் டெலிவரி, யூ.எஸ்.பி-சி சார்ஜிங்கின் பொது முறை) முறையில் 20 வோல்ட். சார்ஜர் முதுகில் பொடி எழுத்தில் 'பி.டி. 20 வோல்ட் 3.25 ஆம்பியர்' என்று இருந்தால் 65 வாட், தாராளமாகப் போடலாம். 5 வோல்ட், 9 வோல்ட் மட்டும் இருந்தால் 'ஸ்லோ சார்ஜர்' என்று காட்டும், அல்லது ஏறவே ஏறாது. கேபிளும் முக்கியம். 3 ஆம்பியர் கேபிள் 60 வாட்டோடு நின்றுவிடும். 5 ஆம்பியர் கேபிள் கேளுங்கள்.

வாங்கியதும் முதல் வேலை: கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், மூடியை மூடினால் என்ன என்ற இடத்தில் 'ஸ்லீப்' இருக்கும், அதை 'ஹைபர்னேட்' (திறந்த வேலையைச் சேமித்துவிட்டு முழுதாக அணைவது) ஆக்குங்கள். பட்டியலில் ஹைபர்னேட் இல்லாவிட்டால் கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து powercfg /h on என்று அடிக்க வேண்டும். ஸ்லீப்பில் விட்டால் புது லேப்டாப்கள் பைக்குள்ளேயே அப்டேட்டுக்காக விழித்துக்கொள்ளும். காற்றுப் போக வழியில்லாமல் சூடேறி, கிண்டியில் எடுத்தால் கை சுடும், சார்ஜ் 40 சதவீதத்தில் நிற்கும்.

ஏரிக்கரை:

இரண்டாவதுதான். சார்ஜர் முதுகைப் பார்த்தேன், 9 வோல்ட்டோடு முடிகிறது. லேப்டாப்போடு வரும் சார்ஜர் வீட்டிலேயே இருக்கட்டும், ரெவிட் வகுப்பு இருக்கும் இரண்டு நாளுக்கு மட்டும் பையில்.