கீறல் விழுந்த டிவிடியை லினக்ஸில் முழுசா ஐஎஸ்ஓ (வட்டின் முழு நகல் கோப்பு) எடுப்பது எப்படி?

கேள்வி
குடும்ப வீடியோ உள்ள டிவிடி, நகலெடுப்பைத் தடுக்கும் பூட்டு எதுவும் கிடையாது. தரவை அப்படியே நகலெடுக்கும் 'டிடி' கட்டளை பாதியிலேயே 'இன்புட்/அவுட்புட் எரர்' காட்டி நின்றுவிடுகிறது. 'கான்வ்=நோஎரர்,சிங்க்' (பிழை வந்தாலும் நிற்காமல், படிக்காத இடத்தைப் பூஜ்யத்தால் நிரப்பு) சேர்த்து, பிளாக் அளவு (ஒரே தடவையில் படிக்கும் அளவு) 1 எம்பி கொடுத்தால் முடிகிறது; ஆனால் படம் பல இடங்களில் கட்டம் கட்டமாக உடைகிறது. சரியாக எடுத்து எம்கேவி வீடியோ கோப்பாக ஆக்க வேண்டும்.

பதில் 1
அந்த 1 எம்பிதான் வினை. டிவிடியில் ஒரு செக்டர் (தரவின் சிறு துண்டு) 2048 பைட். 1 எம்பியில் 512 செக்டர் அடங்கும். ஒன்று படிக்காமல் போனாலும் பக்கத்தில் உள்ள நல்ல தரவும் சேர்ந்து பூஜ்யமாகிவிடலாம்.

பழுதான வட்டிலிருந்து தரவை மீட்கும் 'டிடிரெஸ்க்யூ' போடுங்கள். டெபியன், உபுண்டுவில் தொகுப்பின் பெயர் 'ஜிடிடிரெஸ்க்யூ'. முதல் சுற்றுக்கு:

டிடிரெஸ்க்யூ --செக்டர்-சைஸ்=2048 --நோ-ஸ்க்ரேப் /டெவ்/எஸ்ஆர்0 வட்டு.ஐஎஸ்ஓ வட்டு.மேப்

நல்ல பகுதி முழுவதும் முதலில் வந்துவிடும், கீறலில் நேரம் போகாது. அடுத்த சுற்றில் 'நோ-ஸ்க்ரேப்' எடுத்துவிட்டு '--ஐடைரக்ட் --ரீட்ரை-பாஸஸ்=3' சேருங்கள். ஐஎஸ்ஓ, மேப் (எது படித்தாயிற்று, எது பாக்கி என்ற குறிப்பு) இரண்டும் அதே கோப்புகளாக இருக்க வேண்டும். மேப் கோப்பை அழித்தால் எல்லாம் முதலிலிருந்துதான்.

கேட்டவர்
நன்றி. மூன்று சுற்றுக்குப் பிறகும் சில எம்பி 'பேட் செக்டர்' என்றே நிற்கிறது.

பதில் 1
சுற்றை மட்டும் கூட்டிக்கொண்டே போவதில் பெரிய பலன் இல்லை. மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் புதுக் கீறல் தடத்தோடேயே ஓடும், பிழைதிருத்தம் அதைச் சமாளிக்காது. பிறகு வேறு டிரைவில் போட்டு அதே மேப் கோப்போடு தொடருங்கள். ஒரு டிரைவ் கைவிட்ட செக்டரை இன்னொன்று படிப்பது சகஜம். '--ரிவர்ஸ்' கொடுத்துப் பின்னாலிருந்தும் ஒருமுறை படிக்க விடுங்கள்.

பதில் 2
எம்கேவிக்கு டிவிடியில் உள்ள விஓபி வீடியோ கோப்புகளை 'கேட்' கட்டளையால் ஒன்றாக ஒட்டாதீர்கள். அவற்றில் பெயர் 0 என்று முடிவது மெனு. நேரக்குறிகளும் நடுவில் குழம்பும். 'எல்எஸ்டிவிடி'யை ஐஎஸ்ஓ மேல் ஓட்டினால் நீளமான டைட்டில் (தனி வீடியோ) எது என்று தெரியும். எஃப்எஃப்எம்பெக் 7 அல்லது அதற்குப் பிந்தையது, டிவிடி ஆதரவோடு தொகுத்ததாக இருந்தால் (1 உள்ள இடத்தில் அந்த டைட்டிலின் எண்):

எஃப்எஃப்எம்பெக் -எஃப் டிவிடிவீடியோ -டைட்டில் 1 -ஐ வட்டு.ஐஎஸ்ஓ -மேப் 0 -சி காப்பி படம்.எம்கேவி

'-மேப் 0' விட்டுப்போனால் ஒரே ஒரு ஆடியோதான் வரும். இதில் தரம் துளியும் குறையாது. இடம் குறைய வேண்டுமென்றால் மட்டும் எக்ஸ்264 முறையில் மறுசுருக்கம் செய்யுங்கள், சிஆர்எஃப் (தர அளவு) 18 முதல் 20. இன்டர்லேஸ் (ஒற்றை, இரட்டை வரிகளை மாறி மாறிப் பதிந்த) வீடியோவாக இருந்தால் 'பிடபிள்யூடிஃப்' ஃபில்டர் அவசியம், இல்லாவிட்டால் அசைவு வரும் இடமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு விழும். எது செய்தாலும் ஐஎஸ்ஓவை அழிக்காதீர்கள்.