ஏபிஎஸ் பிரேக் ஆயிலை வீட்டில் மாற்றலாமா?

கேள்வி (தண்டையார்பேட்டை):
என் வண்டியின் முன் பிரேக் ஆயில் டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்துவிட்டது. ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் அதை நானே மாற்றலாமா, ஷோரூமுக்குத்தான் கொண்டுபோக வேண்டுமா?

பதில் (கொருக்குப்பேட்டை):
தாராளமாக மாற்றலாம், நண்பரே. ஹேண்டில்பாரில் உள்ள ஆயில் கிண்ணம் வற்றாதபடி ஊற்றிக்கொண்டே, லிவரை அழுத்திப் பிடித்து, கேலிப்பரில் (சக்கர டிஸ்க்கைக் கவ்வும் பகுதி) பழைய ஆயில் வெளியேறும் திருகான நிப்பிளைச் சற்றே திறந்து, லிவரை விடுமுன் மூடிவிட்டால் காற்று புக வழியில்லை. மூடியில் குறித்துள்ள வகையை மட்டுமே ஊற்றுங்கள். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவுங்கள்.

பதில் (ராயபுரம்):
கிண்ணம் வற்றி ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று புகுந்துவிட்டால், பல வண்டிகளில் ஸ்கேனரால் (வண்டியின் கணினியோடு இணைக்கும் கருவி) அதன் பம்பை இயக்கித்தான் வெளியேற்ற முடியும் என்பதால், அப்போது ஷோரூம் கூலி தண்டமில்லை. நம் கடலோர ஈரத்தில் திறந்து கிடந்த பழைய டப்பாவைத் தொடவே வேண்டாம். ஈரம் உறிஞ்சிய ஆயிலின் கொதிநிலை இறங்கிவிடும்.

கேட்டவர்:
லிவர் இன்னும் கெட்டியாகவே இருக்கிறது, அதனால் காற்று புகுந்திருக்காது. புது டப்பா வாங்கி நானே மாற்றிவிடுகிறேன்.